கப்பித்தான் மடித்த கடிதம்

அரசு அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தால் மூன்று நாளுக்குள் ஒப்புகை போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில். அது முடியாதென்றால், ஏன் முடியவில்லை என்று ஓர் இடைக்காலப் பதில். முப்பத்து மூன்று வருடம் நான் இந்த விதிக்குள்தான் குடியிருந்தேன். புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளர்களுக்கு இதுதான் முதல் பாடம். நான் கடைப்பிடித்தேனா என்பது வேறு கோப்பு; அது இப்போது எந்த அலமாரியில் இருக்கிறதென்று தெரியாது.

ஆஸ்திரேலியாவில் நானே ஒரு மனு போட்டேன். ஒரு பழைய நாடகத்தின் பொருட்டு.

மகள் நித்யா சிட்னியில் ஹோம்புஷில் இருக்கிறாள். மருமகன் ஆன்டன் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கத் தமிழன். அவனுடைய அப்பா, அதாவது என் சம்பந்தி பெனடிக்ற், மெல்போர்னுக்குத் தென்கிழக்கே கிரான்பர்னில் வசிக்கிறார். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் சிட்னி வந்து மூன்று வாரமாகியிருந்தது. விமான நிலையத்தில் அப்பளம், வடகம், மோர்மிளகாய் என்று ஒன்று விடாமல் படிவத்தில் எழுதிக் கொடுத்து, சோதனை அதிகாரியே "போதும் ஐயா" என்று கைகூப்பாத குறையாக என்னை வெளியே அனுப்பிய பிறகு, எனக்கு இந்த நாட்டில் உருப்படியான வேலை எதுவும் வாய்க்கவில்லை. மே மாதத்து ஞாயிறு ஒன்றில் சம்பந்தி தொலைபேசியில் வந்தார்.

"சம்பந்தி, உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. நீங்கள் நாடகத்துக்குப் பெர்மிட் குடுத்த ஆள் எண்டு கலியாண வீட்டில சொன்னனீங்கள்."

சொன்னது உண்மை. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மாவட்டத்தில் அந்த மேசை என்னுடையது. திருவிழாவில் நாடகம் போட வேண்டுமென்றால் கதைப் பிரதி இரண்டு படி முன்கூட்டியே வந்துவிட வேண்டும். நான் படித்து, ஆட்சேபத்துக்கு உரிய வரிகளைச் சிவப்பு மையால் அடித்து, 'அடித்த பகுதி நீங்கலாக அனுமதிக்கலாம்' என்று இடது ஓரத்தில் குறிப்பெழுதி மேலே அனுப்புவேன். நான்கு வருடம் அடித்தேன். அவற்றில் ஒரு நாடகத்தைக்கூட மேடையில் போய்ப் பார்த்ததில்லை. அடித்தாகிவிட்டது, அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது என்பது அப்போதைய என் எண்ணம்.

சம்பந்தியின் ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் ஆகஸ்டில், மாதா திருநாளையொட்டி, கிரான்பர்னில் ஒரு கூத்து போடுகிறார்கள். ஊரில் அதற்குக் கடிதக்கூத்து என்று பெயர். வேதக்கதை இல்லை. எதுவார்த்து என்னும் ஆங்கிலேய வாலிபன் செய்யாத குற்றத்துக்கு விலங்கு பூட்டப்பட்டு, கப்பலேற்றப்பட்டு, சிட்னிப் பட்டினத்தில் ஒரு கப்பித்தானிடம் வேலைக்கு விடப்படுகிறான். கப்பித்தான்தான், நம் பேச்சில் கேப்டன், அங்கே நீதிபதியும். எதுவார்த்தின் மேல் மறுபடியும் திருட்டுப்பழி விழுகிறது. தங்கை கொடுத்த உடைந்த சீப்பின் பாதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூக்குமரத்தின் கீழ் நிற்கிறான். அப்போது கடல் கடந்து ஒரு கடிதம் வருகிறது. கப்பித்தான் பிரித்து வாசிக்கிறார், மௌனமாக. மூன்று மடிப்பாக மடிக்கிறார். சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறார். பிறகு வந்து தன் கையாலேயே கட்டை அவிழ்த்துவிடுகிறார். மத்தளம், மங்களம், முடிந்தது.

கடிதத்தில் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. கூத்துக் கொப்பியில், அதாவது கையெழுத்துப் பிரதியில், அந்த இடத்தில் 'கப்பித்தான் வாசித்து மடிக்கிறது, பேச்சில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறதாம். அந்தப் பேச்சில்லாத நேரத்தில் சனம் முழுவதும் எழுந்து நிற்கும். கோயிலில் சுவிசேஷம் வாசிக்கும்போது நிற்பதுபோல. அது ஊர் வழக்கம்.

சம்பந்தி இருபது வருடமாகக் கப்பித்தான் வேடம் கட்டுகிறார். இப்போது அந்த மௌனத்துக்கு ஆபத்து வந்துவிட்டது.

"கமிற்றியில சொல்லுறாங்கள், அதுக்குள்ள ஒரு வசனம் எழுதிப் போடுவம் எண்டு. கூத்துக்குக் காசு தாற கவுன்சில்காரர் கதைச்சுருக்கம் கேட்டவையாம். ஏன் விடுறார் எண்டு ஒரு காரணம் வேணுமாம். அடுத்த ஞாயிறு கூட்டம்."

"உங்க கிட்ட என்ன ஆதாரம் இருக்கு?"

"கொப்பியின்ரை முதல் பக்கம். 'சிட்னிப் பட்டினத்தில் ஆடினது' எண்டு கிடக்கு. நீங்கள் சிட்னியிலதானே நிக்கிறீங்கள்?"

இப்படி ஒற்றை வரியை நம்பி யாரும் என்னை எந்த ஆய்வுக்கும் அனுப்பியதில்லை. சரி என்றேன்.

திங்களன்று நகரத்து நூலகத்தில் கேட்டுப் பார்த்தேன். காலனிக் காலத்துச் சிட்னியில், அரசாங்கத்தின் முன்அனுமதியில்லாமல் எந்த நாடகமும் மேடையேற முடியாது. நாடகக் கம்பெனி முதலாளி கையெழுத்துப் பிரதியை வைத்து, பணிவான விண்ணப்பத்தோடு தலைமைச் செயலகத்துக்கு அனுப்ப வேண்டும். லண்டனில் ஏற்கெனவே அனுமதி பெற்ற கதை என்றால் பெரும்பாலும் தொல்லையில்லை. கைதிகளைப் பற்றியும் வழிப்பறிக்காரர்களைப் பற்றியும் எழுதிய கதை என்றால் ஒவ்வொரு வரியும் சல்லடை. ஏனென்றால் முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரிய மனிதர்களில் யார் எந்தக் கப்பலில், எந்த நிலையில் வந்து இறங்கினார்கள் என்பதைப் பற்றி ஊரில் எவரும் சத்தமாகப் பேசுவதில்லை.

நான்கு வருடம் நான் உட்கார்ந்திருந்த மேசை, நான் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது.

அந்தப் பிரதிகள் நகரத்தின் மேற்குக் கோடியில் ஓர் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. செவ்வாயன்று கிளம்பினேன். பிளாக்டவுனில் ரயில் நின்றது. சிக்னல் கோளாறு, எல்லோரும் இறங்கிப் பேருந்தில் போகவும் என்று அறிவிப்பு. நடைமேடையில் எனக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் வாலிபன் காதில் கருவியோடு, "ஆமா, பிளாக்டவுன்ல மாட்டிக்கிட்டேன். நீ மீட்டிங்க ஆரம்பி, நான் முறுக்கு வாங்கிட்டு ஜாயின் பண்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேலை நெறி இப்படித் தளர்ந்திருப்பது கண்டு வருந்தியபடி நானும் அவன் பின்னாலேயே போய் ஒரு பொட்டலம் வாங்கினேன். நல்ல முறுக்கு.

மாற்றுப் பேருந்தை ஓட்டிய பெண்மணியிடம் எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று கேட்டேன். "எனக்கும் இன்றைக்குத்தான் இந்தப் பாதை. நாம் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிக்கலாம்" என்றார். கண்டுபிடித்தோம். இரண்டு இடத்தில் தவறாகத் திரும்பி, ஒருமுறை குதிரைகள் மேயும் வேலியோரம் நின்று, பின்னோக்கி வந்து, பயணிகள் கைதட்ட, போய்ச் சேர்ந்தோம். எங்கள் ஊரில் இதற்குள் இரண்டு பேர் கண்டக்டர் சட்டையைப் பிடித்திருப்பார்கள்.

காப்பகத்தின் விதிகள் எனக்குப் பிடித்துப்போயின. பை வெளியே. பேனா கூடாது, பென்சில் மட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வர வேண்டும். முறுக்கு எண்ணெய் என்பதால் இரண்டு தடவை கழுவினேன். கேட் என்ற பணியாளர், முழங்கை வரை பச்சை குத்திய இளம்பெண், பெட்டியைக் கொண்டுவந்து பஞ்சணை மேல் வைத்தார். நான் பார்த்த ஆவண அறைகளில் எலி இருக்கும், கரையான் இருக்கும், சில சமயம் ஆவணமும் இருக்கும். இங்கே காகிதத்துக்குக் குளிர்பதனமும் தலையணையும். எனக்கு ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தில் மின்விசிறிகூடக் கிடையாது.

"எந்த நாடகம்?" என்று கேட்டார் கேட்.

"பெயர் தெரியாது. கடைசியில் ஒரு நீதிபதி கடிதத்தை மடிப்பார்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு நான் ஒரு பாராட்டுச் சான்றிதழ் வழங்குவேன். அனுமதிக்கு வந்த பிரதிகளின் பட்டியலை எடுத்துவந்து, கைதிக் கதை போலத் தோன்றும் தலைப்புகளை என்னோடு உட்கார்ந்து குறித்தார்.

செவ்வாய் முழுவதும் இரண்டு பெட்டி. வாள்சண்டை, காணாமல் போன உயில், பைத்தியம் பிடித்த கன்னி. அழுத்தமான கையெழுத்தில் இரட்டைத் தலைப்புகள், நடுவில் 'அல்லது'. புதன்கிழமை மூன்றாவது பெட்டியில், பழுப்பேறிய ஒரு பிரதியின் கடைசி அங்கத்தில், ஒரு மேடைக் குறிப்பு: கைதி தன் மார்பிலிருந்து உடைந்த சீப்பின் பாதியை எடுக்கிறான்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

பிரதியோடு இருந்த காகிதங்களிலிருந்து கொஞ்சம் வரலாறு கிடைத்தது. லண்டனில் ஆற்றின் தென்கரையில் ஏழைகளுக்கான ஒரு கொட்டகைக்காக எழுதப்பட்ட கதை. அதுவும் ஒரு பிரெஞ்சுக் கதையிலிருந்து கேட்காமல் எடுத்ததென்று முதலாளியே விண்ணப்பத்தில் பெருமையாகச் சொல்கிறார். லண்டன் பிரதியில் சம்பவம் நடப்பது ஏதோ ஒரு தீவில். சிட்னிக்கு வந்த பிறகுதான், உள்ளூர்ச் சனம் ரசிக்கட்டும் என்று கதையைச் சிட்னிக்கே மாற்றியிருக்கிறார்கள். அங்கேதான் முதலாளி வம்பை விலைக்கு வாங்கியிருக்கிறார்.

பக்கத்தைப் புரட்டினேன். கப்பித்தான் கடிதத்தைப் பிரிக்கிறார் என்று இருந்தது. அதற்குக் கீழே கடிதத்தின் வாசகம் இருக்க வேண்டிய இடத்தில், வசனத்தின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. நான்கு பக்கமும் பசை. சிவப்பு மை அடிப்பை நாடகக்காரன் விளக்கில் பிடித்து வாசித்துவிடுவான், ஒட்டிவிட்டால் முடியாது. இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று ஒரு கணம் தொழில்முறைப் பொறாமை வந்தது.

இடது ஓரத்தில் குறிப்பு. அதே இடது ஓரம். சாய்ந்த சின்ன எழுத்து, கீழே சுருக்கொப்பம். மேலதிகாரியின் பார்வைக்குப் பணிவுடன் வைக்கப்பட்டிருந்த அந்தக் குறிப்பின் சாரம் இது: இந்தக் கடிதத்தை மேடையில் சத்தமாக வாசிக்கக் கூடாது. நடிகர் அதை வாசித்துவிட்டு மடிக்கட்டும், முதுகைத் திருப்பிக்கொள்ளட்டும். கதை அதனால் கெட்டுவிடாது. அதன் கீழே வேறொரு கையெழுத்தில் ஒரே சொல், நாங்கள் 'ஆம்' என்று எழுதுவதைப்போல.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. மன்னாரில் ஒரு மைதானத்தில் சனம் எழுந்து நிற்கும் இடம் இதுதான். அவர்கள் எதற்கு எழுந்து நிற்கிறார்களோ, அதை எழுதியவன் கவிஞனும் அல்ல, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் அல்ல. முன்வரிசைப் பெரிய மனிதர்களுக்குப் பயந்த ஒரு குமாஸ்தா.

"ஐயா, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்றார் கேட்.

"இந்தத் துண்டுக்குக் கீழே இருப்பதைப் படிக்க வழியிருக்கிறதா?"

துண்டைப் பிரிக்க அனுமதியில்லை. ஆனால் பாதுகாப்புப் பிரிவினர் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சிப் படிக்க முயல்வார்கள். அதற்கு ஒரு படிவம். நான் நெடுநாளைக்குப் பிறகு ஒரு படிவத்தை ஆசையோடு நிரப்பினேன். பாதிக்கப்பட்டவர் பெயரில்தான் மனு இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆகவே மனுதாரர் பெனடிக்ற், முகவரி கிரான்பர்ன். பதில் மின்னஞ்சலிலா, தபாலிலா என்ற இடத்தில் தபால் என்று குறியிட்டேன். ஆணை என்றால் காகிதத்தில் இருக்க வேண்டும்.

அன்று மாலை ஹோம்புஷில் மகள் தோசைக்கடைக்கு அழைத்துப் போனாள். மேசைக்கு மேசை மாணவர்கள். என் தட்டைவிட நீளமான ரவா தோசை. விவரத்தைச் சொன்னேன்.

"அப்பா, ஈமெயில்னு டிக் பண்ணியிருந்தா நேரா உங்க போனுக்கே வந்திருக்குமே!"

"ஆணைன்னா அப்படி வரக்கூடாது."

"அது ஆணை இல்லப்பா. நீங்க கேட்ட கேள்விக்குப் பதில்."

இந்த வித்தியாசம் எங்கள் துறையில் யாருக்கும் தெரிந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மெல்போர்ன். சம்பந்தி விமான நிலையத்துக்கு வந்திருந்தார். சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் கம்பளி, அதற்கும் மேல் எனக்கென்று கொண்டுவந்த இன்னொரு கம்பளி. வழியில் வெயில் அடித்தது, மழை பெய்தது, மறுபடி வெயில் அடித்தது. கிரான்பர்னில் வரிசை வரிசையாகப் புது வீடுகள், ஒன்றையொன்று உரித்துவைத்தது போல. அவர் தன் வீட்டைக் கண்டுபிடித்ததே எனக்கு ஆச்சரியம்.

"வாங்கோ அண்ணை, குசினிக்குள்ள வந்து இருங்கோ. அங்கதான் சூடு" என்று அடுப்படியிலிருந்து கூப்பிட்டார் அவர் மனைவி பிலோமினா. புட்டு, மீன் சொதி, கருவாட்டுக் குழம்பு. நான் சைவம் என்பதைச் சம்பந்தம் பேசிய நாளிலிருந்து அவர் மறந்ததில்லை. எனக்குத் தனியாகக் கத்தரிக்காயும் தேங்காய்ச் சம்பலும். கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு, காப்பகத்தில் கண்டதை ஒரு குறிப்புரை போல வரிசையாகச் சொன்னேன்.

சம்பந்தி புட்டைப் பிசைவதை நிறுத்தினார்.

"அப்ப மடிக்கிறதும் திரும்பிறதும் அதில எழுதிக் கிடக்கோ?"

"அப்படியே இருக்கு."

"கூத்தை முதல்ல எழுதின எங்கட ஆள் கொழும்புத் துறைமுகத்தில மூட்டை தூக்கின ஆள். வெள்ளைக்காரர் ஆடினதைப் பாத்துப்போட்டு ஊரில வந்து எழுதினவர். இங்கிலீசு ஒரு சொல் தெரியாது. கண்டதைத்தான் எழுதினவர்."

"நீங்க ஏன் சம்பந்தி இதுக்கு இவ்வளவு பிடிவாதம்? ஒரு வசனம் சேர்த்தா உங்களுக்குப் பேச இன்னும் கொஞ்சம் கிடைக்குமே."

பிலோமினா அவரைப் பார்த்தார். "சொல்லுங்கோவன்" என்றார்.

சம்பந்தி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். "நாங்கள் வள்ளத்தில ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில இருந்தனாங்கள். உங்கட நாடு. பிலோமினாவுக்கு ஆன்டன் வயித்தில. வருத்தம் கூடி, மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேணும். வெளிய போகப் பேப்பர் வேணும். என்னட்டை இருந்த பேப்பரில பேர் பிழை, திகதி பிழை. ஒரு ஆபீசர் வாங்கி வாசிச்சார். முழுக்க வாசிச்சார். பிறகு மடிச்சு என்ரை கையில தந்துட்டு மற்றப் பக்கம் திரும்பிட்டார். கேற்றைத் திற எண்டு கை காட்டினார். ஒண்டும் கேக்கேல்லை. ஏன் விட்டவர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. நான் கப்பித்தானா ஆடேக்க அவரைத்தான் ஆடுறனான்."

நான் அந்த மேசையில் இருந்திருந்தால் பெயர்ப் பிழைக்கு ஒரு திருத்த மனு, தேதிப் பிழைக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டிருப்பேன். கத்தரிக்காயை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். அந்தக் குழந்தைதான் என் மருமகன்.

சனிக்கிழமை இருவரும் ரயிலேறி நகரத்து நூலகத்துக்குப் போனோம். உயரமான குவிமாடம், அதன் கீழே சக்கரத்தின் ஆரங்கள் போல மேசைகள். சம்பந்தி கோயிலுக்குள் நுழைவதுபோலத் தொப்பியைக் கழற்றினார். கேட் எனக்கு எழுதிக் கொடுத்திருந்த எண்ணை வைத்து, அதே நாடகக் கம்பெனி சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு வந்தபோது பயன்படுத்திய மேடைப் பிரதியைக் கேட்டோம். பக்கமெல்லாம் மெழுகுச் சொட்டு, விரல் அழுக்கு. கடைசி அங்கத்தில் கடிதத்தின் வாசகமே இல்லை, சிட்னியிலேயே விட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் பென்சிலில் 'மடி, திரும்பு' என்பதற்கான இரண்டே சொற்கள். பின்னட்டையின் உட்புறம் யாரோ அடுத்தடுத்த ஊர்களைக் குறித்திருந்தார்கள்: சிட்னி, மெல்போர்ன், பிறகு கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நிற்கும் துறைமுகங்கள். அவற்றில் இலங்கையின் காலி. அதற்கு அடுத்தது கொழும்பு.

"காலி" என்று சம்பந்தி விரலால் தொடாமல் காற்றில் தொட்டுக் காட்டினார். "கொழும்பு."

கொழும்பிலிருந்து மன்னாருக்கு ஒரு மூட்டைத் தொழிலாளியின் கண்கள் மட்டும்தான் சாட்சி. கோப்பில் எழுதுவதென்றால் 'எனக் கருத இடமுண்டு' என்றுதான் எழுதுவேன். ஆனால் அந்தக் குவிமாடத்தின் கீழே நின்றபோது எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு குமாஸ்தா ஒட்டிய காகிதத் துண்டு மூன்று கடல் தாண்டி, மொழி மாறி, மதச் சடங்கு போலாகி, மறுபடி கப்பலேறி, அது புறப்பட்ட நாட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. வழியில் ஒருவரும் அதில் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. எந்தச் சுற்றறிக்கையையும் இவ்வளவு விசுவாசமாக யாரும் நிறைவேற்றி நான் கண்டதில்லை.

ஞாயிறன்று பூசை முடிந்து மண்டபத்தில் கூட்டம். செயலாளர் றெஜி நாற்பது வயதுப் பொறியாளர். பணிவானவர், மடிக்கணினியோடு வந்திருந்தார்.

"அங்கிள், எனக்கு பெனடிக்ற் அங்கிளோட கோவமில்லை. ஆனா இங்கத்தைப் பிள்ளையள் கேக்கினம், வை டிட் ஹீ லெற் ஹிம் கோ எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது?"

"உங்களுக்கு என்ன சொன்னாங்க, சின்ன வயசுல?" என்று கேட்டேன்.

"எழும்பி நில்லடா எண்டாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து, காப்பகத்துக் குறிப்பையும் மேடைப் பிரதியையும் தேதி வரிசையில் எடுத்துரைத்து, இந்த மௌனம் உரிய அதிகாரியால் முறைப்படி அனுமதிக்கப்பட்டது, இதை நீக்கும் உத்தரவு எதுவும் இதுவரை பிறப்பிக்கப்படவில்லை, ஆகவே இன்றும் நடைமுறையில் உள்ளது என்றேன். என் பணிக்காலத்தில் இதைவிடச் சுத்தமான வாதத்தை வைத்ததில்லை. பின்வரிசையில் ஒரு வயதான அம்மா, "இந்த இந்தியா ஐயா என்ன கோட்டிலயோ வேலை?" என்று பக்கத்தில் கேட்டது காதில் விழுந்தது.

றெஜி தலையைச் சொறிந்தார். "சரி. சுருக்கத்தில 'அவர் கடிதத்தை மடிக்கிறார்' எண்டு போடுறன். அதுக்கு மேல அவையள் கேட்டா, அங்கிளின்ரை நம்பரைக் குடுப்பன்."

மௌனம் பிழைத்தது. ஆனால் திரும்பும் வழியில் சம்பந்தி கேட்டார்: "அந்தத் துண்டுக்குக் கீழ என்ன கிடக்கும் சம்பந்தி?"

"பதில் வரும். ஒரு மாசத்துல."

நான் சிட்னி திரும்பியதும், மூன்றாம் நாள் தேதியிட்ட ஒப்புகை தபாலில் வந்ததாகச் சம்பந்தி தொலைபேசியில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஜூன் முடிந்தது. ஜூலையில் ஓர் இடைக்காலப் பதில்: காகிதம் மென்மையானது, அவசரப்பட முடியவில்லை, மன்னிக்கவும். ஒரு காகிதத்துக்காக மன்னிப்புக் கேட்கும் அரசாங்கத்தை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை சம்பந்தி கேட்பார், "வரேல்லை, என்ன?" என்று, தபால்பெட்டி என் வீட்டில் இருப்பதுபோல.

ஆகஸ்டில் மறுபடி மெல்போர்ன் போனேன். குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்தது. கூத்து நாளன்று காலை சம்பந்தி முகத்தை மழித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி கதவைத் தட்டினார். சனிக்கிழமையில் தபால் வராது; முந்தைய நாள் தபால்காரர் தன் வீட்டில் தவறுதலாகப் போட்ட உறை என்று சொல்லி நீட்டிவிட்டுப் போனார். நீளமான உறை. காப்பகத்தின் முத்திரை.

"பிரியுங்க" என்றேன்.

சம்பந்தி பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இல்லை. பின்னேரம் பிரிக்கிறன்."

"பின்னேரம் கூத்து."

"ஓம்" என்றார். "கூத்திலதான்."

பிலோமினா குசினி வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "மனுசனுக்கு விசர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் மடக்குக் கதிரைகள் நிறைந்திருந்தன. பின்னால் றோல்ஸும் பால் தேத்தண்ணியும். நான் முதன்முறையாக ஒரு நாடகத்தை, அதில் ஒரு பகுதி அடிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டே, பார்க்க உட்கார்ந்தேன். எதுவார்த்தாக ஆடியவர் ஒரு மருத்துவமனைத் தாதி, நல்ல குரல். விலங்குச் சங்கிலி பிளாஸ்டிக். சீப்பு எடுக்கும் இடத்தில் பிள்ளைகள்கூட அடங்கிவிட்டார்கள்.

தூதன் ஓடிவந்து கடிதத்தை நீட்டினான். வழக்கமாகச் சும்மா ஒரு தாள். இன்று அந்த உறை. கப்பித்தான் அதைக் கிழித்தார். தாள் பிரியும் சத்தம் கேட்டது. கதிரைகள் கிறீச்சிட, மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. நானும்.

அவர் வாசித்தார். உண்மையாக வாசிக்கும் ஒருவரின் கண் இடமிருந்து வலமாக ஓடுவதை நான் பார்த்தேன். அது நிஜக் கடிதம் என்பது அங்கே எனக்கும் பிலோமினாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. மத்தளக்காரர் கையைத் தூக்கியபடி காத்திருந்தார். நேரம் போனது. வழக்கத்தைவிட அதிகம் போகிறது என்பது சனத்துக்கும் தெரிந்துவிட்டது; யாரும் உட்காரவில்லை, ஒரு குழந்தைகூட இருமவில்லை. இவ்வளவு நாள் காரணம் தெரியாமல் கட்டவிழ்த்த மனிதர், காரணம் தெரிந்த பிறகும் அவிழ்ப்பாரா? நான் ஊரில் அடித்த ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு மேடையில், ஏதோ ஒரு மனிதனின் வாயில், இப்படி ஒரு வெற்றிடமாக நின்றிருக்குமே என்று அப்போதுதான் உறைத்தது. அவர்களில் எத்தனை பேர் இப்படி நிற்கத் தெரிந்தவர்களோ, எத்தனை பேர் தடுமாறி விழுந்தார்களோ.

கப்பித்தான் தாளை மடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. முதுகைக் காட்டித் திரும்பினார். தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு வந்து, தன் கையால், கட்டை அவிழ்த்தார்.

மத்தளம் விழுந்தது.

ஒப்பனை கலைக்கும் அறையில் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். கடிதத்தை நீட்டினார். இரண்டு வரி தெளிவில்லை, மற்றவை படிக்க முடிந்தது என்று முதல் பத்தி. கீழே கடிதத்தின் வாசகம்; நாடகத்துக்கே உரிய ஆடம்பரமான மொழி, ஆச்சரியக்குறிகள். எழுதுபவன் கப்பித்தானின் பழைய கூட்டாளி. நீயும் இதேபோன்ற கப்பலில் விலங்கோடு வந்தவன்தான் என்கிறான். இந்த வாலிபனைத் தூக்கிலிட்டால் உன் பழைய பெயரை ஊருக்கெல்லாம் சொல்லுவேன் என்கிறான்.

"அப்போ பயந்துதான் விட்டிருக்கான்" என்றேன்.

"ஓம். அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு." சம்பந்தி ஈரத்துணியால் நெற்றிச் சாயத்தைத் துடைத்தார். "உங்கட கிளாக்கர் நல்ல மனுசன், சம்பந்தி. பயத்தை மறைச்சுப்போட்டு மற்றதை விட்டுவைச்சிருக்கிறார்."

"அவன் அதுக்காக ஒட்டலை."

"எதுக்காக ஒட்டினா என்ன? ஆபீசர் எதுக்காகக் கேற்றைத் திறந்தவரோ, ஆருக்குத் தெரியும். நான் வெளிய வந்தனான்." வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "றெஜிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. காரணம் தெரிஞ்சா சுருக்கத்தில எழுதிப்போடுவான்."

கடிதத்தை அதே மூன்று மடிப்பில் மடித்து உறைக்குள் வைத்தேன். முப்பத்து மூன்று வருடப் பழக்கம், பேனா கேட்டேன். உறையின் மூலையில் எழுதினேன்:

பெறப்பட்டது. ஆகஸ்ட் 16, சனிக்கிழமை.